தைத்தவள் பார்க்காத படம்

துரியா கூடாரம் தைப்பவள். காசாபிளாங்காவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவை அடைத்துப் போடுகிற கூடாரங்களில் பல அவள் பட்டறையிலிருந்து போனவைதான். அதனால்தான் ஊரின் இரண்டு கால்பந்து அணிகளில் பச்சை அணியின் ரசிகர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ஜவாத், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். சிவப்பு அணியோடு மோதும் நாளில் ஒரு பக்க கேலரி முழுவதையும் மூடுகிற அளவுக்குத் துணி வேண்டும் என்றான். வண்ணம் பூசிய துண்டுகளை அவர்கள் கொண்டுவருவார்களாம், அவள் இணைத்தால் போதுமாம். என்ன படம் என்று மட்டும் கேட்கக் கூடாதாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் கணவர் புஷைப் பரம்பரைச் சிவப்பு. டாக்சி ஓட்டுபவர், அணி தோற்ற மறுநாள், கழுத்தில் பச்சைத் துண்டோடு யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்த மாட்டார். யாரோ பெரிய இடத்துக் கல்யாணக் கூடாரம் என்று அவரிடம் சொல்லிவைத்தாள்.

குளிர்காலம் முழுக்கத் தைத்தாள். சில துண்டுகள் கருநீலம், சில நுரைபோல வெள்ளை. விரித்துப் பார்க்கப் பட்டறையில் இடமில்லை. கடற்காற்றில் கிழிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு இணைப்பையும் மடித்து இரட்டைத் தையல் போட்டாள். வேலை முடிந்த அன்று, மைதானத்துக்கு வந்து பார்க்கலாமா என்று ஜவாத்திடம் கேட்டாள்.

"எங்க பக்கம் வந்தா ஒண்ணும் தெரியாதுக்கா," என்றான் அவன். "நாங்க துணிக்கு அடியிலதானே நிப்போம். முன்னாடி நிக்கிறவன் பிடரிதான் தெரியும். முழுசாப் பாக்கணும்னா எதிர்ப்பக்கம் போய் சிவப்புக்காரனுங்களோட உக்காரணும்."

இவ்வளவு பாடுபடுகிறவர்கள் கடைசியில் அதைப் பார்க்கவே போவதில்லையா? அவளுக்குப் புரியவில்லை.

தன்னையும் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னபோது, புஷைப் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"பந்து வட்டமா சதுரமான்னு கேக்குற ஆளு நீ. திடீர்னு என்ன?"

"அதான், நேர்லயே பாத்துடலாம்னு."

சந்தோஷம் தாங்காமல் அவளுக்கென்று ஒரு புதுச் சிவப்புத் துண்டு வாங்கிவந்தார்.

ஆட்டத்தன்று கடைகளெல்லாம் மதியமே மூடிவிட்டன. மைதானத்துக்குள் நுழைந்தபோது சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் வந்து இடித்தது. துரியா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒரு மலைச்சரிவு முழுக்க மனிதத் தலைகள்.

அந்தத் தலைகளுக்கு மேல் துணி விரியத் தொடங்கியது. கீழிருந்து மேலே, கைமாறிக் கைமாறி ஏறியது. முதலில் வெள்ளை நுரை. பிறகு கருநீலம். படத்தில் ஏதோ கூரை என்று நினைத்து அவள் தைத்தது ஒரு வால். கண் வந்தது. வாய் வந்தது. கேலரியை நிறைத்தபடி ஒரு திமிங்கிலம் கடலிலிருந்து எழுந்தது.

அப்போது காற்று உள்ளே புகுந்தது. துணி நடுவில் பாய்மரம்போல உப்பியது. துரியா தன் தையலைத் தேடினாள். பிரிந்தால் திமிங்கிலத்தின் கண்ணுக்குக் கீழே இருக்கும் அந்த நீள இணைப்புதான் முதலில் பிரியும். பிரியவில்லை. அடியிலிருந்த ஆயிரக்கணக்கான கைகள் இழுத்துப் பிடித்தன. பிறகு எல்லாம் ஒன்றாக அசைந்தன. திமிங்கிலம் மூச்சு விட்டது. வாலை ஆட்டி நீந்தியது.

வசைபாடிக்கொண்டிருந்த சிவப்புக் கூட்டம் வாயடைத்துப்போனது.

"சுப்ஹானல்லாஹ்," என்று இறைவனை வியந்தார் புஷைப், தனக்குத்தானே சொல்வதுபோல.

"நான் தைச்சது," என்றாள் துரியா.

அவர் திரும்பி அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மெதுவாச் சொல்லு," என்றார். "பக்கத்துல கேட்டுடப் போகுது." மறுபடி துணியைப் பார்த்து, "இவ்வளவு பெருசையா?" என்றார்.

துணி கீழே இறங்கி, அதற்கடியிலிருந்து முகங்கள் வெளிப்பட்டன. வேர்த்து, தலை கலைந்து நின்ற அவர்கள் அனைவரும் எதிர்ப்பக்கத்தையே பார்த்தார்கள். தாங்கள் செய்தது எப்படி இருந்தது என்று சிவப்புக்காரர்களின் முகத்தில்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது துரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். ஒருவருக்கும் வசை நினைவில்லை.

புஷைப் எழுந்து நின்று கைதட்டினார். பின்வரிசையில் ஒருவர் முறைத்தார். முறைத்தபடியே அவரும் தட்டினார்.

நடுவர் விசில் ஊதினார். மறுநொடியே இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் திட்டத் தொடங்கினார்கள்.