பொய் சொல்லாத தரை

1996 ஆடி மாதத்தில், கிணத்துக்கடவு ரோட்டிலுள்ள அரங்கசாமியின் பம்புசெட் கம்பெனியில், கம்ப்யூட்டரில் பில் போட உட்கார்ந்த குமாஸ்தா கந்தப்பன் நாற்காலியோடு கணுக்கால் வரை மொசைக் தரைக்குள் இறங்கினார். அந்த மாதம் தேங்காய் விலையும் இறங்கியிருந்ததால் யாரும் இதைத் தனியாகப் பேசவில்லை. கணக்கு எளிமையானது. திரையில் 'இன்வேலிட் என்ட்ரி' என்று வந்தால் உட்கார்ந்திருப்பவர் ஒரு விரற்கடை இறங்குவார். ஒரு பில் தடங்கலில்லாமல் முடிந்தால் ஒரு விரற்கடை ஏறுவார். குமாஸ்தாக்கள் காலையில் இறங்கி, பட்டுத் தெரிந்ததை வைத்து மெல்ல ஏறி, சங்கு ஊதும்போது சமதரைக்கு வந்து பஸ் பிடித்துப் போனார்கள்.

அந்த பில்லிங் புரோகிராமை எழுதியவள் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய பிரத்யுஷா. அரங்கசாமி கேட்டதையெல்லாம் அதில் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு பில்லுக்கும் முன்னால் அவருடைய அப்பா, கம்பெனிக் கட்டடம், முதல் பம்பு, கடைசியாகக் கோட்டுப் போட்ட அரங்கசாமி என்று படங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிடமும் ஒரு பட்டனை அமுக்கி விடைபெற வேண்டும். மாதம் ஒருமுறை பிரத்யுஷா வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பாள். கணுக்காலைத் தரைக்குள் வைத்துக்கொண்டு கந்தப்பன், "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்பார். ஒருவர் பஸ் ஏறி வந்து கேட்கும்போது நல்லா இல்லை என்று சொல்ல அந்தப் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. எல்லோருக்கும் முழுத் திருப்தி என்று அவள் அச்சடித்துக் கொடுத்த அறிக்கையை அரங்கசாமி கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார். தரை விஷயத்தில் தப்பு அதைப் போட்ட மேஸ்திரி மேல்தான் என்று இருவருமே நம்பினார்கள்.

அந்த வருடம் தொழில் மன்றம் சிறந்த கணினிமயத் தொழிற்சாலைக்கு ஒரு விருது அறிவித்து, அரங்கசாமியின் கம்பெனியைப் பார்க்க வந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் ஏசி அறைக்குள் தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அரங்கசாமி மட்டும் ஷூவோடு போவார். தானே பில் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி, வாழ்நாளில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வந்தவர்கள் இளநீர் குடித்து முடிப்பதற்குள் முழங்கால் வரை போய்விட்டார். மன்றத் தலைவர் லட்சுமணசாமி குனிந்து கைகொடுத்து, "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடைக்கு நேரில் வராதவருக்கு விருது இல்லை, பட்டியலில் அடுத்த இடத்திலிருக்கும் மோட்டார் கம்பெனி கண்ணையாவுக்குப் போய்விடும் என்பதையும் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். கடப்பாரை கொண்டுவந்தார்கள், மொசைக்கில் கீறல்கூட விழவில்லை. மானிட்டரை முக்காலிக்கு இறக்கி, கீபோர்டை முதலாளியின் மடியில் வைத்துவிட்டுப் பிரத்யுஷாவுக்குப் போன் போட்டார்கள்.

இந்தமுறை அவள் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தையல்கடை இஞ்ச் டேப்பால் அவர் முட்டியிலிருந்து தரை வரை அளந்துவிட்டு, பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க அம்மணி, வேடிக்கை பாக்கவா வந்தீங்க? எதை அமுக்கோணும்னு சொன்னா என்னங்க?"

"சொல்ல மாட்டனுங்க சார். நான் சொல்லிக்குடுத்து நீங்க மேல வந்தா அது எனக்கு மார்க்குங்க. புரோகிராமுக்கு இல்லைங்க."

"கண்ணையா ஊட்டு ஷோகேஸ்ல விருது உக்காந்ததுக்கப்புறம் உங்க மார்க்கை வெச்சு நான் என்னங்க பண்றது?"

பெரியவர் தடுமாறும்போது வாய் மூடி உட்கார்ந்திருப்பது அங்கே மகா மரியாதைக்கேடு. ஏசியிலும் அவளுக்கு வியர்த்தது. ஆனாலும் அவர் விரல் எங்கே தயங்குகிறது, இல்லாத எதைத் தேடுகிறது, எங்கே பெருமூச்சு விடுகிறது உடம்பு என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். திரையில் தேவையில்லாத கட்டங்களைத் தூக்கினாள். அழிந்ததைத் திரும்ப எடுக்க ஒரு பட்டன் வைத்தாள். 'இன்வேலிட் என்ட்ரி'க்குப் பதில் ஆங்கில எழுத்திலேயே 'ஊர் பேரு விட்டுப்போச்சுங்க' என்று வரவைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேப்பைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஷூ மட்டுந்தான் உள்ளே இருந்தது. அதற்குமேல் அசையவில்லை.

"அந்தப் படங்களை எடுத்தரலாங்களா சார்?"

அரங்கசாமி படங்களை ஒருமுறை வரிசையாக ஓட்டிப் பார்த்தார். "அப்பாவை எடுத்துப்போடுங்க."

தரை அசையவில்லை. கட்டடத்தை எடுத்தார்கள், முதல் பம்பை எடுத்தார்கள். நூலளவும் ஏறவில்லை. வேறு என்னவாக இருக்கும் என்று அவர் அறையிலிருந்த எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் ஏசியைப் பார்த்தார்கள்.

"உங்க படந்தானுங்க மொதலாளி," என்றார் கந்தப்பன். "நல்லா இல்லைங்க."

அந்தக் கம்பெனி தொடங்கியதிலிருந்து அங்கே யாரும் சொல்லாத சொல் அது. அரங்கசாமி கோட்டுப் போட்ட தன்னைத் திரையில் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எடுத்துப்போடுங்க அம்மணி." அடுத்த பில் தண்ணீர் போல ஓடியது. கால்கள் மேலே வந்தன. ஷூக்கள் வரவில்லை.

வெறுங்காலோடு மேடையேறியவரின் எளிமையைக் கண்டு மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. எளிமை தன் குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்று அவர் ஏற்புரையில் சொன்னார். திரும்பி வந்ததும் வரவேற்பறையில் அந்தத் திருப்தி அறிக்கையைக் கழற்றிவிட்டு, அதே கண்ணாடிச் சட்டத்தில் இஞ்ச் டேப்பை மாட்டினார். மறுவருடம் முதல் பெங்களூர், மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் புரோகிராம்களை விற்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க இந்த அறைக்குக் கொண்டுவந்தார்கள். பலர் இடுப்பு வரை போனார்கள். பிரத்யுஷா டேப்போடு பின்னால் உட்கார்ந்து வாயே திறக்கமாட்டாள். "நம்மூருக்குப் பெருமைன்னா சிறுவாணித் தண்ணிக்கப்புறம் நம்ம தரைதானுங்க," என்று அரங்கசாமி எல்லோரிடமும் சொன்னார். ஷூக்களின் நுனி இன்னும் மொசைக்குக்கு மேலே தெரிகிறது. பெருக்குகிறவர்கள் சுற்றிப் பெருக்கி, வெள்ளிக்கிழமைதோறும் பாலிஷ் போடுகிறார்கள். இப்போது முதலாளி உட்பட எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அதற்கென்று ஒரு ஸ்டாண்டு போட்டிருக்கிறது.