கெபியைக் கண்டும் எழாத கை

கணவர் பெனிட்டோ மேல் தெரசாவுக்குச் சந்தேகம் வந்தது குடியாலோ கூத்தாலோ அல்ல. ஸ்ரீவைகுண்டம் சாலை வளைவில் மாதா சிலை இருக்கும் கெபியைக் கடந்தபோது அவர் சிலுவை போடவில்லை. அவ்வளவுதான்.

கல்யாணமான நாளிலிருந்து, அந்த வளைவு வந்தால் அவருடைய வலது கை தானாக நெற்றிக்குப் போகும். நெஞ்சு, தோள்கள், கடைசியில் விரல் நுனியில் ஒரு முத்தம். வண்டி என்ன வேகத்தில் போனாலும் அது நடந்துவிடும். கம்பெனி வேன் ஓட்டுநர்களுக்கென்று பாளையங்கோட்டையில் வைத்த தற்காப்பு ஓட்டுநர் பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் நின்றது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காரை எடுக்குமுன் தலையைக் குனிந்துகொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டும்போது வாய்க்குள் முணுமுணுத்தார். "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. எந்தச் செபமாலையிலும் அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது.

தங்கை ஜாய்சி விசாரித்து வந்து சொன்னாள்: "வகுப்பு எடுத்தது தானியேல் சாராம்க்கா. சிலுவை போடாத, மாதாவக் கும்பிடாத சபை ஒண்ணுல பிரசங்கமும் பண்ணுவாராம். அத்தான இழுத்துட்டாங்க, பாத்துக்கோ."

மகள் ஃபெமினாவுக்குக் கடற்கரை ஊரில் சம்பந்தம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். சம்பந்தி அம்புரோஸ் பிடிவாதக்காரர். பெண்ணின் அப்பா சபை மாறிவிட்டார் என்று காதில் விழுந்தால் ஓலையை நிறுத்திவிடுவார்.

சனிக்கிழமை அம்புரோஸ் வீட்டுக்குத்தான் பெனிட்டோ, தெரசா, ஜாய்சி மூவரும் காரில் கிளம்பினார்கள். நேரே கேட்டால் இவர் மழுப்புவார், கெபி வரட்டும், கையைப் பார்த்துக்கொள்வோம் என்று தெரசா முன்னால் உட்கார்ந்தாள்.

வாழைத்தார் லாரி ஒன்று முன்னே போனது. பெனிட்டோ முந்தவில்லை.

"அத்தான், சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிட்டான். கல்யாணத்துக்குள்ளயாவது போய்ச் சேருவமா?" என்றாள் பின்னாலிருந்த ஜாய்சி.

"முழுசாச் சேருவோம்." பிறகு வாய்க்குள், "இடது பக்கம் ஆடு... எதிர்ல பஸ்ஸு..."

"யாருட்ட பேசுதிய?" என்றாள் தெரசா.

"எனக்கு நானேதான்."

"ஆவியானவருட்டயோ என்னமோ," என்றாள் ஜாய்சி.

கெபி தெரிந்தது. பெனிட்டோ கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கி, வேகத்தைக் குறைத்து, மண் தரை வரை இடது பக்கம் ஒதுங்கினார். மாதாவின் பக்கம் கண்கூடத் திரும்பவில்லை. வண்டியை நிறுத்துங்க என்று சொல்லத் தெரசா வாயைத் திறந்தாள்.

அதற்குள் எதிரே வந்த டெம்போ நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. அதன் ஓட்டுநர் கெபியைப் பார்த்தபடி நெற்றியில் கை வைத்திருந்தான். காரின் வலப்பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு டெம்போ போய்விட்டது.

பெனிட்டோ காரை நிறுத்தினார்.

"அவன் வருவான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் தெரசா.

"தெரியாது. ஆனா இந்த வளைவுல எல்லாவனும் ஸ்டீயரிங்ல இருந்து கைய எடுக்கான். நானும் இத்தன வருசம் அதத்தான செஞ்சேன்? ஓடுற வண்டியில சாமி கும்பிடுறவங்க கை தூக்குங்கன்னாரு தானியேல் சார். ஒருத்தன் பாக்கியில்ல. கும்பிட்டுட்டுக் கிளம்புங்க, கிளம்பினா ரோட்டப் பாருங்கன்னாரு."

"வண்டியச் சுத்துறது?"

"டயரு பாக்குதேன்."

"மொணமொணன்னு சொல்லுறது?"

"கண்ணுல படுறதச் சொல்லிட்டே போனா கவனம் சிதறாது. முன்னால போறவன் ஒரு கம்பத்தத் தாண்டினதும் எண்ணணும். ஆயிரத்தி ரெண்டு சொல்லி முடிக்கதுக்குள்ள நாம அந்தக் கம்பத்துக்கு வந்துட்டா, ரொம்ப ஒட்டிப் போறோம்னு அர்த்தம்."

"இத வீட்டுல சொன்னா என்ன?"

"இம்புட்டு வருசம் ஓட்டினவன் ஓட்டப் படிச்சிட்டு வந்தேன்னா நீங்க ரெண்டுபேரும் சிரிக்க மாட்டியளா?"

ஜாய்சி வாயைப் பொத்திக்கொண்டாள். தெரசா சிரிக்கவில்லை.

"இப்ப வண்டி நிக்குதுல்லா? சிலுவையப் போடுங்க."

அவர் போட்டார். நெற்றி, நெஞ்சு, தோள்கள், முத்தம் வரை அவள் விடாமல் பார்த்தாள். பிறகுதான் மூச்சு வந்தது.

"இனிமே ஓடும்போது உங்களுக்கும் சேத்து நான் போடுதேன்."

"அம்புரோஸ் மாமா வாசல்ல நிறுத்திட்டு இன்னொருக்கப் போட்டுருங்க அத்தான். அவரு பாக்கணும்," என்றாள் ஜாய்சி.

பெனிட்டோ கண்ணாடியை நிமிர்த்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். தூரத்தில் ஒரு பைக் வந்தது. அவர் வாயைத் திறக்குமுன் தெரசா அவர் கையைத் தொட்டாள்.

"இங்கேருங்க, அவன் மூஞ்சியே சரியில்ல. பைய போங்க."