காவடிக் கம்பி

பழனி அடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடும் தண்டாயுதபாணிக்குச் செப்புக் கம்பி இருந்தால் போதும், உலகத்தையே கட்டிவிடலாம் என்று எண்ணம். காவடியில் எது கழன்றாலும் இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, அவ்வளவுதான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவர் கொடைக்கானலுக்கும் கொண்டுபோனார்.

அங்கே வாடகைக்கு விட அவர் வாங்கிப்போட்ட வீட்டில், மின்சார ஒயரெல்லாம் சுவரில் அடித்த மரப்பட்டிக்குள் ஓடின. எலக்ட்ரீசியன் பவுல்ராஜ் பார்த்த அன்றே சொல்லிவிட்டான்: "முழுசா மாத்திருங்கண்ணே. உள்ள ரப்பரெல்லாம் பொடிஞ்சு கெடக்கு."

"சீசன் முடியட்டும்ப்பா."

சீசன் முடிந்தது. இவரோ, கண்ணை உறுத்திய மரப்பட்டியின்மேல் பளபளவென்று பலகை அடித்து மறைத்ததோடு சரி. பள்ளிக்கூட டீச்சர் அனிட்டா, ஆறு வயது மகளோடு குடிவந்தாள். ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போனது, போட்டால் போனது. ஒருநாள் இவரே வந்து, ஃபியூஸ் கட்டையில் காவடிக் கம்பியை மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போனார். அப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை. அந்தப் பெருமையை அடிவாரத்தில் அவர் சொல்லாத ஆளும் இல்லை.

மார்கழிக் குளிரில் அனிட்டா போன் செய்தாள். "சார், பாப்பா ரூம்ல சுவரு சூடா இருக்கு. அதை ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குறா. உள்ள யாரோ இருக்காங்களாம்."

"வெயில் பட்டிருக்கும் டீச்சர்."

"மூணு நாளா வெயிலே இல்லீங்க சார். ஒரே மிஸ்ட்."

சனிக்கிழமை மதியம் பவுல்ராஜைக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கும் இருக்கட்டும் என்று பையில் ஒரு சுருள் கம்பியும் எடுத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது.

"மெதுவா. தூங்குறாங்க" என்றாள் சிறுமி. அவர் கையைப் பிடித்துத் தலையணைப் பக்கத்துப் பலகையில் வைத்தாள்.

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. கையை மேலே நகர்த்தினார், பலகை ஜில்லென்றிருந்தது. கீழேயும் அப்படியே. நடுவில் மட்டும், கட்டிலின் நீளத்துக்கு, யாரோ படுத்திருப்பதுபோல் அந்த வெதுவெதுப்பு. உள்ளே மெல்ல ஏதோ நெறுநெறுத்தது.

"ஹீட்டர் ரொம்ப நேரம் போட்டிருந்தீங்களோ?"

"காலைல இருந்து கரண்டே இல்லீங்க சார்."

அவர் கையை வெடுக்கென்று எடுத்தார். முருகா என்று வாய் முணுமுணுத்தது.

பவுல்ராஜ் பலகையில் காதை வைத்தான். அவன் முகம் மாறியது. "டீச்சர், பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போங்க. வெரசா!"

மெயினை இறக்கிவிட்டு வந்து ஒரு பலகையைப் பெயர்த்தான். உள்ளே மரப்பட்டி முழுக்கக் கரியாகியிருந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. சன்னல் வழியாகப் பனிக்காற்று உள்ளே வந்தது. கரியில் ஒரு சிவப்புக் கண் திறந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாகத் தலையணையை நோக்கி ஒவ்வொன்றாக. குளியலறையிலிருந்து இருவரும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

நெருப்பு அடங்கியதும் பவுல்ராஜ் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்தான்.

"இவ்வளவு தடிச்ச கம்பி போட்டா ஃபியூஸ் எங்க போகும், ஒயருதான் வேகும். எந்தப் புண்ணியவான் கட்டுனதுண்ணே இது?"

பழைய ஓனர் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் கம்பி முறுக்கில் பச்சையாக, காவடியில் செருகும் மயிலிறகின் இழை ஒன்று சிக்கியிருந்தது. பவுல்ராஜும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான்ப்பா" என்றார்.

அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்த சிறுமி, ஈரச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்கியது.

"தாத்தா, ஜில்லுனு இருக்காங்க. செத்துட்டாங்களா?"

இத்தனை நாளும் அந்தப் பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்தது தன் கை வேலைதான் என்று நினைத்ததும் உள்ளங்கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். சூடு போகவில்லை.