பனங்கட்டி சீனியில்லை

காலையில் தியாகலிங்கம் எழும்பி முகம் கழுவுவான். சின்னச் சட்டியில் தண்ணீர் வைத்து, கண்ணாடி ஊசிக்குழலை அதற்குள் போட்டுக் கொதிக்க விடுவான். குளிக்கும் அறைப் படியில் கமலாவதி வைத்துவிட்டுப் போன சிறுநீர்ப் போத்தலை எடுப்பான். சோதனைக்குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சிறுநீர் சில துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவான். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் நிறைய. பிறகு பானையின் ஈர மணலுக்குள் இருந்து இன்சுலின் போத்தலை எடுத்து, அளவாக ஊசியில் இழுத்து, அறைவாசல் திரைச்சீலைக்கு இடையால் நீட்டுவான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கும். சற்றுப் பொறுத்து வெறுங்குழல் திரும்பி வரும். அதைக் கழுவி வைப்பான். தேத்தண்ணி குடிப்பான். பள்ளிக்கூடம் போவான். அங்கே அவன் இரசாயனம் படிப்பிக்கிறவன்.

கமலாவதி அவனுடைய மச்சாள். செத்துப்போன பெண்சாதி செல்வநாயகியின் தங்கை. வயது பதினேழு. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவளுக்குச் சீனி வியாதி வந்துவிட்டது. கிழவர்களுக்கு வந்து குளிசை விழுங்குவதோடு போகிற வகை அல்ல. ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை என்ற வகை. செல்வநாயகி இருந்தவரை ஊசி அவள் பொறுப்பு. தங்கையின் தொடையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திவிட்டு, அளந்து சோறு போடுவாள். நெருப்புக்காய்ச்சலில் அவள் போன பிறகு பொறுப்பு இவனிடம் வந்தது. ஆனால் பெண்சாதியை இழந்தவன் குமர்ப்பிள்ளைக்கு ஊசி போடுவதைக் கொக்குவில் ஊர் தாங்குமா? ஆகவே திரைச்சீலை. விஞ்ஞானம் இந்தப் பக்கம், மானம் அந்தப் பக்கம்.

செல்வநாயகியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போன அன்றும் ஊசி ஒழுங்காகத்தான் போடப்பட்டது. கிரியை முடியும்வரை ஒருவரும் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று குருக்கள் சொன்னார். இன்சுலினுக்கு அது தெரியாது. கமலாவதி வேர்த்து, நடுங்கி, கேணிப் படியில் சரிந்தாள். யாரோ ஒரு மனுசி மடியிலிருந்து பனங்கட்டித் துண்டொன்றை எடுத்து அவள் வாய்க்குள் அடைத்தாள். கண் திறந்தது.

அன்றோடு பனங்கட்டி மருந்தாகிவிட்டது. மாமியார் இரத்தினம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். பக்கத்து வளவு வீட்டில் இருந்த அவள் தங்கை சிவக்கொழுந்து ஒரு பனையோலைக் குட்டான் முழுவதையும் வாசலில் தூக்கி வைத்தாள். பிள்ளை கொட்டாவி விட்டால் ஒரு துண்டு. படித்துக் களைத்தால் ஒரு துண்டு. ஒழுங்கையில் போகிறவர்கள்கூட, "பிள்ளையின்ரை முகம் வாடியிருக்கு" என்று வேலிக்கு மேலால் குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"மாமி, உதுவும் சீனிதான்" என்றான் தியாகலிங்கம் ஒருநாள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ தம்பி. சீனி சங்கக்கடையிலை கூப்பனுக்குக் குடுக்கிறது. கப்பல்லை வாறது. இது எங்கடை பனையிலையிருந்து வாறது. எங்கடை பனை எங்கடை பிள்ளைக்குக் கெடுதல் செய்யுமே?"

தியாகலிங்கம் சோதனைக்குழாயைக் கழுவப் போனான்.

குழாய் செங்கல் நிறம் காட்டியது. டாக்குத்தர் ஊசியின் அளவைக் கூட்டினார். அளவு கூடப் பசி கூடியது. பசியைக் கண்டு வீடு பயந்தது. பயந்து ஊட்டியது. ஊட்டியதைக் குழாய் காட்டிக் கொடுத்தது. டாக்குத்தர் மறுபடி கூட்டினார். இந்தச் சக்கரத்தின் நடுவில் இருந்து கமலாவதி ஊதிக்கொண்டே போனாள். வகுப்பில் அவளுக்கு 'மா மூட்டை' என்று பெயர் வைத்தார்கள்.

"வகுப்பிலை எங்கடை வாங்கிலை முந்தி நாலு பேர் இருக்கிறனாங்கள், அத்தான்" என்பாள் திரைக்குப் பின்னாலிருந்து. "இப்ப நானும் இன்னொருத்தியும்தான். மற்ற ரண்டு பேரும் எங்கை போச்சினம் எண்டு ரீச்சர் என்னைத்தான் பாக்கிறா."

அவன் சிரித்திருக்கலாம். அந்த நாட்களில் அவனுக்கு வாய் திறப்பதே பெரிய வேலையாக இருந்தது.

அவன் திறக்காத வாய்க்கும் சேர்த்துச் சிவக்கொழுந்து கதைத்தாள். செத்த வீட்டிலேயே தொடங்கியிருந்தாள். "கண் மூட முன்னம் என்ரை பிள்ளை என்ன சொன்னவள் தெரியுமே? 'தங்கச்சியை அவற்றை கையிலை குடுங்கோ' எண்டு!" செல்வநாயகி கண் மூடியபோது அறைக்குள் இருந்தவன் தியாகலிங்கம் ஒருவனே. சிவக்கொழுந்து கிணற்றடியில் நின்றாள். ஆனால் அவன் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் அந்த வாக்கியம் வளர்ந்தது. அந்தியேட்டிக்குள் அதில் கண்ணீர் சேர்ந்தது. பிறகு கைபிடித்துக் கொடுத்தது சேர்ந்தது. தைப்பொங்கலுக்குள் அது ஒரு நல்ல நாடகத்துக்குப் போதுமான நீளத்துக்கு வந்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. வீடு செல்வநாயகிக்குச் சீதனமாக எழுதியது. மருமகன் வெளியில் கலியாணம் கட்டினால் எவளோ ஒருத்தி வந்து இந்த அடுப்பை மூட்டுவாள். தங்கை வீட்டிலேயே இருக்கிறாள். தடையாக இருந்தது ஒன்றுதான். அதைச் சிவக்கொழுந்து ஒருநாள் உள்ளே வைத்து விளக்குவது, விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த தியாகலிங்கத்துக்கும் கேட்டது.

"எடி பிள்ளை, மூத்தவளின்ரை, உன்ரை கொக்காவின்ரை, பெட்டியிலை கிடக்கிற சேலை எல்லாம் உனக்குத்தான். ஆனால் சட்டை ஒண்டும் உன்ரை முழங்கையைத் தாண்டாது."

"புதுச்சட்டை தைக்கலாம்தானே, குஞ்சியம்மா."

"சட்டை தைக்கலாம். உன்ரை அத்தானுக்குப் புதுக் கண் தைக்கேலுமே? கொக்கா ஈர்க்குமாதிரி இருந்தவள். அதைப் பாத்துப் பழகின கண்."

"அப்ப பனங்கட்டியை நிப்பாட்டுங்கோ."

"ஐயோ, அது மருந்தெல்லே! அதை விட்டிட்டு வேறை ஏதும் செய். ஆண்டுத் திவசத்துக்கு முன்னம் உந்தச் சட்டை உனக்கு ஏறவேணும். எப்பிடியோ ஏத்து."

தியாகலிங்கம் கொப்பியைத் திருத்தினான். எழும்பி உள்ளே போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அடுத்த கொப்பியை எடுத்தான்.

சில கிழமைகளில் குழாய் நீலமானது. அவன் விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். நீலம். மறுநாளும் நீலம். கமலாவதி இளைக்கத் தொடங்கினாள். முதலில் கன்னம், பிறகு கழுத்து. பெருமையைப் பங்கு போட ஆட்கள் வந்தார்கள். இரத்தினம்மா பனங்கட்டி வேலை செய்கிறது என்றாள். சிவக்கொழுந்து நல்லூருக்கு வைத்த நேர்த்தி என்றாள். தியாகலிங்கம், வெளியில் சொல்லாவிட்டாலும், தன்னுடைய கவனம் என்று நினைத்தான். நீலமாக நிற்கிற பிள்ளைக்கு டாக்குத்தர் எதற்கென்று கிளினிக் போவதும் நின்றது. கிணற்றடியில் எந்நேரமும் வாளிச் சத்தம். பிள்ளை தண்ணீர் குடித்தே இளைக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒழுங்கையில் பருத்த பெண்கள் இரண்டு பேர் தாங்களும் செம்பும் கையுமாகத் திரிந்தார்கள்.

வெறுந்தண்ணீரை விட்டுக் கொதிக்க வைத்தாலும் அந்த மருந்து நீலமாகத்தான் நிற்கும். இதைத் தியாகலிங்கம் வருடாவருடம் வகுப்பில் செய்து காட்டுகிறவன்.

ஆண்டுத் திவசம் வந்தது. கிரியை முடிந்து இலை போட்டார்கள். தியாகலிங்கத்தை முதலில் இருத்தினார்கள். கறிச்சட்டியோடு வந்தவளைப் பார்த்து அவனுடைய கை இலையில் அப்படியே நின்றது. செல்வநாயகியின் மாம்பழ நிற மணிப்புரிச் சேலை. செல்வநாயகியின் சட்டை. ஏறியது மட்டுமல்ல, தோளில் தொய்ந்தும் கிடந்தது.

"பாருங்கோ தம்பி" என்றாள் சிவக்கொழுந்து. "அச்சொட்டாய் மூத்தவள்!"

உண்மைதான். காய்ச்சலின் கடைசிக் கிழமையில் செல்வநாயகி இப்படித்தான் இருந்தாள்.

கமலாவதி குனிந்து கறியை வைத்தாள். அவள் மூச்சு அவன் முகத்தில் பட்டது. அழுகிய பழத்தின் மணம். பள்ளிக்கூடத்தில், ஆய்வுகூட அலுமாரியில், அசற்றோன் போத்தலைத் திறந்தால் வருகிற மணம். ஊசி கிடைக்காத சீனி வியாதிக்காரரின் மூச்சிலும் அது வரும் என்று அவன் படித்திருந்தான்.

"கமலா" என்றான். "ஊசியை என்ன செய்தனி?"

"முதல்லை பாதியை ஊத்தினனான், அத்தான்." அவளுக்கு மூச்சு இளைத்தது. "இந்தக் கிழமை முழு ஊசியையும். யன்னலுக்கு வெளியாலை. செவ்வரத்தைச் செடிக்கு."

"போத்தலிலை வைச்சது?"

"கிணத்துத் தண்ணி" என்றாள். கறிச்சட்டி கைநழுவியது. அவள் இலையின்மேல் விழுந்தாள்.

வீடு தன் மருந்தை மறக்கவில்லை. இரத்தினம்மா தலைப்பை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். பனங்கட்டித் துண்டு மகளுடைய உதட்டில் பட்டபோது தியாகலிங்கம் அந்தக் கையைப் பிடித்தான்.

"விடுங்கோ தம்பி, பிள்ளை மயங்கிக் கிடக்கிறாள்!"

"மாமி, இது வேறை மயக்கம். சீனி கூடின மயக்கம். உதைக் குடுத்தால் செத்துப்போவாள்."

ஒரு வருடத்தில் அவன் சத்தம்போட்டுச் சொன்ன முதல் வசனம் அது. இரத்தினம்மா பயந்து துண்டைக் கீழே போட்டாள். சந்தியில் வாடகைக்கு நின்ற ஏ-ஃபோட்டிக் காரைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுவதும் அவள் ஆழமாக, அவசரமாக மூச்சு விட்டாள். அவன் அந்த மணத்துக்குப் பக்கத்தில் இருந்தான்.

மறுநாள் மத்தியானத்துக்குக் கிட்ட அவள் கண் முழித்தாள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அதற்காகத் தாதி சட்டைக் கையைக் கத்தரிக்கோலால் தோள்வரை வெட்டியிருந்தாள். கமலாவதி அதைப் பார்த்தாள்.

"அக்காவின்ரை சட்டையை வெட்டிப்போட்டினம்" என்றாள்.

"ஓம்."

"நல்ல வேலை. கக்கத்துக்கை ஒரே கடி."

அப்போது இரத்தினம்மாவும் சிவக்கொழுந்தும் வந்தார்கள். சிவக்கொழுந்தின் கையில் பார்சல் ஒன்று. அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, ஓலை மணந்தது. பக்கத்துக் கட்டில்காரி இருமலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். சிவக்கொழுந்துக்கு ஒரு காது போதும்.

"கண் முழிச்ச உடனை 'அத்தான்' எண்டுதான் கூப்பிட்டவளாம்! பாத்தியே அக்கா? மூத்தவள் சாகேக்கை சொன்ன சொல்லு வீண்போகேல்லை. கையைப் பிடிச்சு, 'தங்கச்சியை அவற்றை கையிலை குடுங்கோ' எண்டு அழுதழுது சொன்னவளெல்லே. இனிச் சுணங்கக்கூடாது. வாற ஆவணிக்கே…"

கமலாவதி தலையைத் திருப்பினாள்.

"அத்தான், அக்கா மெய்யாய் அப்பிடிச் சொன்னவவோ? அதுக்காகத்தான் நான் உந்தச் சட்டைக்குள்ளை பூந்தது."

தியாகலிங்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரத்தினம்மா அவனைப் பார்த்தாள். சிவக்கொழுந்தும் பார்த்தாள், அவன் வழக்கம்போல் பேசாமல் நிற்பான் என்ற நம்பிக்கையோடு.

"இல்லை" என்றான். "அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"தம்பி, உங்களுக்கு அந்த நேரம் புத்தி எங்கை…" என்று தொடங்கினாள் சிவக்கொழுந்து.

"மாமி, நீங்கள் அந்த நேரம் கிணத்தடியிலை."

பக்கத்துக் கட்டில்காரி சத்தமாக இருமினாள். சிவக்கொழுந்து பார்சலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"பின்னை என்னதான் சொன்னவ?" என்றாள் கமலாவதி.

அவன் சொன்னான். விடியக்காலம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. கரண்டியில் தண்ணீர் கொடுத்தான். அவள் வாங்கவில்லை, கரண்டியைத் தள்ளிவிட்டாள். கண் அவனைப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம், ஊசிக்குழல் கொதிக்கிற சத்தம் வருகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தது. பிறகு சொன்னாள்:

"கமலாவுக்கு ஊசி போட்டாச்சோ?"