திரும்பி வந்த தூரம்

கோணி ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்துவிட்டு பட்டம்மாள் எழுந்தாள். புடவை மறுபடி நனைந்திருந்தது. மாதாமாதம் வரும் தூரம் நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. இந்த மாசியில் திரும்பி வந்தது. முதலில் அவளுக்கு வெட்கமாகவும், யாரிடமும் சொல்லாத ஒரு சந்தோஷமாகவும்கூட இருந்தது. கொருக்குப்பேட்டைக் கிடங்கில் அவளோடு சாக்கு தைக்கும் பூவம்மா, "ஒடம்பு சூடு. வெந்தயம் ஊறவெச்சிக் குடி" என்றாள். குடித்தாள். உதிரம் நிற்கவில்லை. பிறகு நாற்றம் வந்தது, இடுப்பு வலி வந்தது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் கிடங்குக்கும் குழாயடிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். துறைமுகத்தில் கரி இறக்கும் புருஷன் அப்பாவு வீடு திரும்பும் முன் சாம்பிராணி போட்டாள்.

சித்திரையில் பூவம்மாவே அவளை ராயபுரத்து லேடி டாக்டர் தேவகிருபையிடம் இழுத்துக்கொண்டு போனாள். பரிசோதித்த டாக்டர் வெகுநேரம் கை கழுவினார்.

"நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டிருந்தாலும் வந்திருக்கணும்மா. கர்ப்பப்பை வாயில புத்துநோய். அறுக்கிற நிலை தாண்டிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில புத்தைக் கருக்க ரேடியம்னு ஒண்ணு உள்ளே வைக்கிறாங்க."

"வெச்சா சொஸ்தமாயிடுமா?"

"சில பேருக்கு ஆகியிருக்கு."

அன்று சாயங்காலம் அப்பாவுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"எங்கக்கா ஆஸ்பத்திரிக்குப் போனா. பொணமாத்தான் வந்தா. நீ போவ வாணாம்."

"இங்க இருந்தாலும் அதான் ஆவப்போவுது. அங்க போய்ப் பாக்கறேன்."

காலையில் அவள் கிளம்பினாள். அப்பாவு வேலைக்குப் போகவில்லை. அவள் பின்னாலேயே நடந்தான்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து ரேடியத்தை வைத்துத் துணி திணித்தார்கள். அதை எடுக்கும்வரை புரளக்கூடாது, பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது என்றாள் நர்சு. பட்டம்மாள் மல்லாந்து கிடந்தாள். கால்களுக்குள் எறும்பு ஊர்ந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தாள்; நினைத்த உடனே, அது நழுவிவிடுமோ என்று பயந்து மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

பார்க்க விடும் நேரத்தில் அப்பாவு வார்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"வலிக்குதா?"

"நடக்கணும் போல கீது."

அவன் தலையசைத்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பிறகு வராந்தாவில் நடக்கத் தொடங்கினான். ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் தலை தெரிந்து மறைந்தது. கழுத்தைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அவள் கூடவே போனாள். கடைசி ஜன்னலையும் தாண்டி அவன் மறைந்தான். அந்த வெற்று ஜன்னல் சட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.