பெற்றோல் அடித்தவர்

ஆபிரிக்கக் கிராமமொன்றை எரித்த ஹெலிகொப்டர்கள் அந்நாட்டு இராணுவத்தினுடையவை. "எங்களுக்கு அதில் சம்பந்தமில்லை" என்றது, அங்கே எண்ணெய் எடுக்கும் ரொறன்ரோ நிறுவனம். சம்பந்தத்தைக் காட்டாவிட்டால் கிராமத்தவரின் வழக்கு தள்ளுபடியாகிவிடும். அவர்களுக்காக வழக்காடும் பார்க்டேல் சட்ட அலுவலகத்தில் வழக்கறிஞர் நிலாணி ஒரு கிழமையாக இதிலேயே முட்டிக்கொண்டு நின்றாள்.

அதைவிட அவளைச் சுட்டது சன்னலில் தெரிந்த காட்சி. அவளைக் கட்டப்போகும் கஜீவன், கூட வேலைசெய்யும் ஷிவானியின் காருக்கு எதிரிலிருந்த எரிபொருள் நிலையத்தில் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்தவனை மறித்தாள். "அவவின்ரை காருக்கு நீங்கள் ஏன் அடிக்கிறியள்?"

"சும்மா ஒரு உதவி. அவ எங்கை போறா எண்டு எனக்கென்ன தெரியும்?"

"ஊத்திவிடுறவருக்கு ஓடுற இடம் தெரியாதாமோ! உங்கடை பெற்றோலிலைதானே அவ்வளவு தூரம், பிறம்ரன் வரைக்கும் போறா?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். ஹெலிகொப்டரின் தாங்கி சிறியது. படைமுகாமிலிருந்து கிராமத்துக்குப் பறந்து திரும்ப அது போதாது. வழியில் இறங்கி நிரப்பியே ஆகவேண்டும். வழியிலிருந்த ஒரே எரிபொருள் கிடங்கு நிறுவனத்தினுடையது; அதன் கொள்வனவுப் பட்டியலில் ஹெலிகொப்டர் எரிபொருளும் இருந்தது.

"உங்களைப் பிறகு விசாரிக்கிறன்" என்று முறைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

நிறுவனத்திடம் சொந்த ஹெலிகொப்டர் இல்லை. ஆகவே, கிடங்கில் ஹெலிகொப்டர் எரிபொருளை யாருக்காக வாங்கி வைத்தார்கள் என்று நிறுவனத் தலைவரைச் சத்தியம் செய்யவைத்துக் கேட்கவேண்டும்.