நாற்காலிக்கு ஒரு பெட்டி

ஏப்ரல் மாதம் முழுக்க என் வரவேற்பறையின் நடுவில் ஆறடி நீளத்துக்கு ஒரு பெட்டி கிடந்தது. கொட்டகைக் குளிரில் பிசின் இறுகாதாம், விறகடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் இறுகுமாம். என் புருஷன் டென்னி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பளத்தைச் சுருட்டிச் சுவரோரம் சாத்திவிட்டு, கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிசினைப் பூச ஆரம்பித்துவிட்டான். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம்! முட்டை கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கதவருகிலேயே நின்று, "ஐயையோ, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் யாரும் போகல. இவனைத்தான் அனுப்பலாம்னு இருக்கேன்," என்றேன்.

பெட்டி விமானத்துக்கு. விமானம் டென்னியின் அண்ணன் ரஸ்ஸலுடையது. ஒன்பது குளிர்காலம் கொட்டகையில் உட்கார்ந்து, குழாய் குழாயாகப் பற்றவைத்து, துணி போர்த்தி, தன் கையாலேயே கட்டினார். முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை, அதற்கும் பின்னால் இரண்டு மூட்டைக்கு இடம், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன் உறைந்த ஆற்றின்மேல் அவர் பனிவண்டி கவிழ்ந்து முதுகெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. எங்களோடுதான் இருக்கிறார். விமானத்தை இப்போது டென்னி ஓட்டுகிறான்.

ஆற்றங்கரையில் ரஸ்ஸலுக்கு ஒரு மரவீடு உண்டு. அலாஸ்காவில் பாதி வீடுகளுக்குப் போலவே அதற்கும் சாலை கிடையாது. நாற்பது நிமிஷம் பறந்து கூழாங்கல் திட்டில் இறங்கவேண்டும். அடிபட்டதிலிருந்து அவர் அங்கே போகவே இல்லை. அவர் போகலாம், நாற்காலி போகமுடியாது. சக்கரத்தைக் கழற்றினாலும் விமானத்துக்குள் நுழையாது. நாற்காலி இல்லாமல் அங்கே போய் மனுஷன் என்ன செய்வார், தரையில் படுத்தே கிடப்பாரா? அதனால்தான் அடிவயிற்றில் மாட்டுகிற மாதிரி இந்தச் சரக்குப் பெட்டி. அண்ணனை ஒரே ஒரு தடவையாவது அவர் வீட்டில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்பதைத் தவிர டென்னிக்கு அந்த வருஷம் வேறு நினைப்பில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் கட்டிய விமானத்தை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை அதைக் கட்டியவருக்கு உண்டு. லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கும் போடலாம். ஆனால் ரஸ்ஸலின் விமானத்தில் இன்னொருத்தன் கையெழுத்து விழுந்தால் அண்ணன் தம்பி உறவே அறுந்துபோகும். ஆக, நாற்காலி போகிற பெட்டிக்கு நாற்காலிக்காரர்தான் சம்மதம் தரவேண்டும்.

மே மாதம் பெட்டியை மாட்டினோம். ரஸ்ஸல் நாற்காலியிலிருந்து கையூன்றித் தன்னைத்தானே இறக்கி, மெக்கானிக்குகள் படுத்துக்கொண்டு நகரும் உருளைப் பலகையில் படுத்தார். உதவிக்கு யாரும் கிட்டே போகக்கூடாது. மூன்று வருஷமாக அவரைத் தூக்க யாரையும் விட்டதில்லை. ஒருமுறை தோளைப் பிடித்ததற்கு என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

விமானத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "டேய், தண்ணி வடிக்கிற குழாய் எங்கடா?"

டென்னி விழித்தான். பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று தினமும் காலையில் அடியிலிருக்கும் குழாயைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்போம். பெட்டி அதை அப்படியே மூடியிருந்தது.

"அழகா செஞ்சிருக்க. ஆத்துக்கு மேல எஞ்சின் இருமினா பெட்டியைப் பாத்து ரசிச்சுக்கிட்டே விழலாம்," என்றார் ரஸ்ஸல்.

ஜூன் மாதம் பெட்டியில் ஓட்டை போட்டு அதற்கொரு மூடி செய்தான். அடுத்து புகைக்குழாய். அதன் வாய் பெட்டியின் மூக்குக்கு நேராக இருக்கிறது, புகை திரும்பி உள்ளே வந்தால் ஓட்டுகிறவன் தூங்கியே செத்துப்போவான் என்றார். நியாயந்தான். ஜூலையில் குழாயை நீட்டி வளைத்தான். பிறகு கதவு. கீல் பின்பக்கம் இருக்கிறது, தாழ் விட்டுப்போனால் காற்று கதவைப் பிய்த்து எறிந்துவிடும் என்றார். அதுவும் நியாயந்தான். ஆகஸ்டில் கீலை முன்பக்கம் மாற்றினான். என் புருஷன் வாய் பேசாமல் செய்தான். சால்மன் மீன் பிடிக்கக்கூட ஒருநாள் போகவில்லை.

செப்டம்பரில் மலை உச்சியில் முதல் பனி வெள்ளை கட்டியது. இன்னும் இரண்டு வாரம் போனால் ஆற்றுத் திட்டைப் பனி மூடிவிடும், விமானம் சக்கரத்தில் இறங்கமுடியாது. அன்று ரஸ்ஸல் பலகையில் படுத்து ஒரு மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "கதவு ரப்பர் ஒரு நூல் கோணலா இருக்கு. பிரிச்சு ஒட்டு," என்றார்.

டென்னி சரியென்று தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டென்னியை வெளியே போகச் சொல்லிவிட்டு விமானத்துக்கு அடியில் குனிந்தேன்.

"ஏன் ரஸ்ஸல், உங்க தம்பியை இன்னும் எத்தனை மாசம் சுத்தல்ல விடப்போறீங்க?"

"ரப்பர் கோணல்னா கோணல்தான்."

"ரப்பராம் ரப்பர்! மழைத்தண்ணி ரெண்டு சொட்டு போனா உங்க நாற்காலிக்கு ஜலதோஷம் பிடிக்குமா? போகப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

பெட்டியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அது என் வீடு, லொரேன். தினம் ராத்திரி கண்ணை மூடினா அடுப்பை மூட்டுறேன், வாளியில தண்ணி மொண்டு வரேன். அங்க போய்ப் பாத்து, என்னால ஒண்ணுமே முடியலைன்னு தெரிஞ்சுபோச்சுன்னா? அப்புறம் கண்ணை மூடி நான் எங்க போறது?"

கத்தியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"முடியலைன்னா திரும்பி வாங்க. விமானம் போகத்தான் செய்யுமா, திரும்பி வராதா? அங்க போயிட்டு முடியலைன்னு வந்தா உங்களை வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"சொல்லமாட்ட. திட்டுவ."

"திட்டுவேன். அது வேற."

மறுநாள் காலை காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் விமானத்தின் பதிவேடு திறந்து கிடந்தது. அவர் கையெழுத்து அதில் இருந்தது. டென்னி அதை மூன்று தடவை படித்தான்.

அதோடு முடியவில்லை. இவ்வளவு பெரிய மாற்றம் செய்தால் ஓட்டுகிறவர் ஐந்து மணி நேரம் தனியாகப் பறந்து சோதிக்கவேண்டும். கூட ஆள் ஏற்றக்கூடாது, அதிகாரிகள் எழுதிக்கொடுத்த வட்டத்தைத் தாண்டக்கூடாது. பெட்டியில் மணல் மூட்டையை வைத்து டென்னி மூன்றரை மணி நேரம் பறந்து முடித்தான். மிச்சம் ஒன்றரை மணி நேரம்.

கடைசி நாள் காலை ரஸ்ஸல், "மணல் போதும். எதைத் தூக்கிட்டுப் போகப்போகுதோ அதை வச்சுப் பாக்கணும்," என்று சொல்லி, கொட்டகையில் கிடந்த பழைய லாரி இருக்கைக்குக் கையூன்றி மாறி உட்கார்ந்தார். டென்னி நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துத் தாழிட்டான். ஒன்பது மணிக்குக் கிளம்பினான்.

பத்தரைக்கு வரவேண்டியவன் பதினொன்றாகியும் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ரேடியோவும் எடுக்காது. நான் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்தேன். நாற்காலியும் இல்லாத மனுஷன் லாரி இருக்கையில் உட்கார்ந்து கடமான் இறைச்சி சாண்ட்விச்சை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு காப்பி கிடைக்குமா?" என்று வேறு கேட்டார்.

"உங்க தம்பி எங்க விழுந்து கிடக்கானோன்னு நான் தவிக்கிறேன், உங்களுக்குக் காப்பியா?"

"வருவான். கத்தாத."

வந்தான். பதினொன்றே காலுக்கு இறங்கினான். ஓடிப்போய்ப் பெட்டியின் கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

"அடப்பாவி! கதவு திறந்து நாற்காலி ஆத்துல விழுந்துடுச்சா? இனிமே அந்த மனுஷன் எதுல உக்காருவார்?"

"விழல. வீட்டுத் திண்ணைப் பலகையில, ஆத்தைப் பாத்த மாதிரி வச்சிட்டு வந்திருக்கேன். வட்டத்துக்குள்ளதான் அந்த வீடும் இருக்கு," என்றான் டென்னி.

"அவரு காலைப் பிடுங்கிக் கொண்டுபோய் அங்க வச்சிட்டு வந்திருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

"என்னைக் கேக்காத. அவரைக் கேளு."

திரும்பினேன். ரஸ்ஸல் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் வைக்கச் சொன்னேன். அது இங்க இருந்தா நாளைக்கு இன்னொரு கோணல் கண்டுபிடிப்பேன். என்னை எனக்குத் தெரியும், லொரேன். இப்ப அது அங்க இருக்கு. நான் போய்த்தானே ஆகணும்?"

பதிவேட்டை வாங்கி, ஐந்து மணி நேரம் முடிந்தது என்று டென்னி எழுதியதைப் படித்துப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் தம்பியின் கழுத்துப் பக்கம் நீட்டினார்.

"தூக்குடா."

டென்னி அசையாமல் நின்றான். காதில் விழுந்தது சரிதானா என்று என்னைப் பார்த்தான்.

"என்னடா பாக்குற? நடந்தா ஏறுவேன்? தூக்கு."

டென்னி தூக்கினான். மெலிந்துபோயிருந்த அந்தக் கால்கள் தொங்குவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. பின் இருக்கையில் உட்காரவைத்ததும் வாரை அவரே மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"லொரேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னை எதிர்பாக்காத."

எஞ்சின் சத்தத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்று அவருக்குக் கேட்டிருக்காது. விமானம் மரங்களுக்கு மேலே போய் மறைகிறவரை நின்று, யாரும் பார்க்கவில்லை என்பதால் சத்தம்போட்டே அழுதேன்.